கடைசி இலக்கம்

வேலந்தாவளத்தில் எடைமேடை பார்க்கிறேன்,
இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை.
வண்டி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
சரக்கோடு ஓர் எடை, வெறும் வண்டிக்கு ஓர் எடை,
கழித்து மிச்சத்தைச் சீட்டில் அடிப்பேன்.
வேறு கணக்கு தெரியாது எனக்கு.

அன்றைக்கு டெஸ்ட் சாம்பியன் இறுதி ஆட்டம்.
சீட்டு அடிக்கும் இயந்திரத்தில் சாய்த்துவைத்த போனில்
ஐந்தாம் நாள், கடைசி ஒரு மணி நேரம்.
அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. தூறலும் இருந்தது.
நம்மவர்கள் அதில் இல்லை,
அதனால் சண்டை சுத்தமாக நடந்தது.

தக்காளி லோடோடு நின்ற ராக்கியப்பன் ஆரம்பித்தான்.
"ரெண்டு வருசம் ஓடுன வண்டியை
ஒரே ஒருக்கா தராசுல ஏத்திப்போட்டு
நீதான் பெரியவன்னு சீட்டுக் குடுக்கறதாமா?
எந்த ஊரு நாயமுங்க இது?"

கோழி ஏற்றி வந்த அப்துல் ரவூப்
கூண்டுகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சொன்னான்:
இறுதி ஆட்டமே வேண்டாம்.
எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும்,
உன் ஊரில் மூன்று, என் ஊரில் மூன்று.
மேலே நிற்பவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.
ஒருத்தன் இருபத்திரண்டு ஆட்டம், ஒருத்தன் பன்னிரண்டு,
பிறகு விழுக்காடு போட்டுச் சரிக்கட்டுவது
பாதி லோடுக்கு முழு வாடகை கேட்கிற மாதிரி.

"அதுக்கு வருசம் பத்தாகும்" என்றேன்.
"ஆகட்டுமே. இங்க வரிசை நகர்றதைப் பாத்திருக்கீல்ல?"

கேரளா பக்கத்துக் கால்நடைச் சோதனைச் சாவடியிலிருந்து
பிளாஸ்க்கோடு வந்தார் டாக்டர் ஷைலஜா.
ராத்திரி டீ நம் பக்கத்தில்தான் கிடைக்கும்.
நின்றபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:
"பொள்ளாச்சிச் சந்தையில இருநூத்தி ஐம்பது கிலோ.
இங்க வந்து இறங்கும்போ இருநூத்தி முப்பத்தெட்டு.
மாடு அதே மாடாணு.
வழியில இளைக்கும், அதைச் சேர்க்காம எடை போடக் கூடாது."
அயல்மண்ணில் தோற்காமல் நின்றால்
சொந்த மண்ணில் ஜெயித்ததற்கு ஈடு.
அயல்மண்ணில் ஜெயித்தால் இரட்டிப்பு.
அவ்வளவுதான் அவர் சட்டம்.
சர்க்கரை குறைவு என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

என் யோசனை மேடையிலிருந்து வந்தது.
ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
தார்ப்பாயைப் பிடித்துத் தூக்கும்,
கடைசி இலக்கம் குதிக்கும்.
டிரைவர் சண்டைக்கு வந்தால்
இறக்கி ஏற்றி மூன்று தடவை போடுவேன்.
இறுதியும் மூன்றாக இருக்கட்டும்.
ஒன்று அவன் மண்ணில், ஒன்று இவன் மண்ணில்,
தீராவிட்டால் மூன்றாவது பொதுவில்.

"பொதுவுன்னா எங்க?" என்றான் ராக்கியப்பன்.
கையை நீட்டிக் காட்டினேன்.
இரண்டு தடுப்புக் கட்டைகளுக்கும் நடுவில்
நூற்று இருபது தப்படி ரோடு.
அங்கே விழுந்த குழியை
இந்த அரசும் மூடாது, அந்த அரசும் மூடாது.
ஷைலஜா சிரித்ததில் டீ புறங்கையில் சிந்தியது.

போனில் மூடுவிரிப்பு போட்டார்கள்.
ஒன்பதாவது ஆளும் பதினொன்றாவது ஆளும்
முப்பத்தியெட்டு ஓவர் நின்றிருந்தார்கள்.
மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல்,
படி ஏறிப் போனார்கள்.
அரைமணி கழித்து இரண்டு தலைவர்கள்
ஆளுக்கொரு காதாகக் கோப்பையைப் பிடித்து நின்றார்கள்,
கல்யாண வீட்டில் அண்டா தூக்குகிறவர்கள் மாதிரி
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

ராக்கியப்பன் தூ என்றான்.
ரவூப் வண்டியை மேடையில் ஏற்றினான்.
நம் பக்கம் புழுதி. கட்டைக்கு அப்பால்
மழை தொடங்கிவிட்டிருந்தது.

கோழிகள் விழித்துக்கொண்டு இடம் மாறின.
எண் ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பதுக்கும்
எண்ணூற்று ஐம்பதுக்கும் நடுவே
போய்ப் போய் வந்தது.
"எதை அடிக்க?" என்றேன்.
"ரெண்டையும் அடி."
சீட்டில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.
பின்னால் ஹாரன்.
கூண்டுகள் அடங்கட்டும் என்று
பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.