மூன்றரைச் சுற்று

சீனன்குடா இறங்குதுறையில் பகல் முழுக்கப்
பதினெட்டுத் தொன் தூக்குகிறேன்.
வடம் முறுகுவது இருக்கை வழியே ஏறி
முதுகெலும்புக்குத் தெரியும்.
இரவு, உவர்மலை வீட்டில், சாப்பாட்டு மேசையில்,
சவர்க்காரக் கட்டியளவு ஒரு வின்ச்.
கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வந்தது.
தவமலர் குழம்புச் சட்டியோடு நின்று கேட்கிறாள்:
"அங்கயும் அதுதான், இஞ்சயும் அதுவோ?"

படகு ஒரு மீற்றர் நீளம்.
பாய்மரம், உடைந்த தூண்டில் தடி.
ஏராவின் அடியில் வலைக்குண்டு உருக்கிய ஈயம்.
பெரிய பாய்க்கு ஒரு தாமான், முன்பாய்க்கு ஒன்று,
இரண்டும் தளத்தின் துளையால் இறங்கி
ஒரே உருளையில் சேரவேண்டும்.

உருளையின் சுற்றளவு பத்து சென்ரிமீற்றர்,
வரவேண்டிய கயிறு முப்பத்தைந்து,
ஆகவே மூன்றரைச் சுற்று.
கணக்கில் நான் எழுதாதது தொய்வு.
காற்றில்லாத மேசையில் கயிறு தளர்ந்ததும்
உருளையை விட்டு நழுவி
அச்சின் கீழே குருவிக்கூடு கட்டுகிறது.
மோட்டர் முனகுகிறது.
மீன்குழம்பு மணத்தோடு சுட்ட பிளாஸ்ரிக் மணம்.

தங்கூசியில் முயன்றேன்.
கடையில் சுருண்டிருந்த வட்டத்தை அது மறக்கவேயில்லை.
பின்னல் நூல் கொஞ்சம் இணங்கியது.
பிறகு தையல் பெட்டியிலிருந்து இலாஸ்ரிக் ஒரு முழம்
(கேட்டு எடுத்தேன் என்று சொல்லமுடியாது),
மூக்கடியில் ஒரு சின்னக் கப்பி:
காற்று இல்லாத போதும்
யாரோ மறுமுனையில் பிடித்திருப்பதுபோல.

குச்சியைக் கீழே இழுத்தேன், பாய் விரிந்தது.
தலைகீழ்.
இறங்குதுறையில் இப்படி ஒரு பிழை என்றால்
கீழே நிற்பவனுக்குக் காலில்லை.
ரிமோட்டில் நகக்கண் அளவு ஆளி, அதைத் திருப்பினேன்.

தாளில் பதினோராம் பக்கம் ஒன்று இருந்தது.
தொடர்பு அறுந்தால் வின்ச் என்ன செய்யவேண்டும்,
முன்கூட்டியே சொல்லிவைக்கலாமாம்.
நித்திரை வந்தது.

ஞாயிறு, உட்துறைமுக வீதி, நாலு மணி,
முகத்துக்கு நேரே கச்சான்.
பின்னால் ஒரு மான் சோற்றுப் பார்சல் தாளை
நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.
விட்டேன். சரிந்தது, நிமிர்ந்தது, பிடித்துக்கொண்டது.
இறுக்கினேன்.
பாயில் அத்தனை காற்று,
என் விரலில் எதுவுமில்லை.
பாயின் ஓரம் துடிப்பதைப் பார்த்துப்
பாரத்தை நானே ஊகிக்கவேண்டும்,
கண்ணாடிக்கு அப்பால் பேசுகிறவரின்
உதட்டைப் படிப்பதுபோல.

ரிமோட்டின் சிவப்பு விளக்கு
இரண்டு முறை இமைத்து அணைந்தது.
சுவர் மணிக்கூட்டிலிருந்து கழற்றிய பற்றரிகள்.

சுக்கான் நேரே, தாமான் இறுக்கம்,
கடைசியாக என்ன சொன்னேனோ அதையே பிடித்தபடி
காற்றை எதிர்த்து, கோணம் பிசகாமல்,
என் கையில் இருந்தபோது ஒருநாளும் போகாத அழகில்
அது சீனன்குடாப் பக்கம் போனது.
கயிறு மட்டும் விட்டிருந்தால்
கச்சானே கொண்டுவந்து
என் காலடியில் போட்டிருக்கும்.

கிண்ணியா இஃபாம் என்ஜின் போட்டில் போய்த் தூக்கிவந்தான்.
"காத்துக்கு எதிராப் போகுது மச்சான்,
ஓட்டுறது ஆரெண்டு சுத்திச் சுத்திப் பார்த்தன்."
மூடியைத் திறந்து தண்ணீரைக் கவிழ்த்தோம்.
உருளையில் கயிறு
மூன்றரைச் சுற்றும் குலையாமல் இருந்தது.

இரவு பதினோராம் பக்கத்தை எடுத்தேன்.
இரண்டு பொத்தானை அழுத்திப் பிடித்து
ஒரு சொல் கற்பிக்கவேண்டும், அவ்வளவுதான்.
ரிமோட்டை அணைத்தேன்.
தளத்தின் கீழே அது தானாகச் சுழலத் தொடங்கியது,
ஒன்று, இரண்டு, மூன்று, அரை.
மின்விசிறிக் காற்றில் பாய் மெல்லத் திரும்பி
ரசக் கிண்ணத்தின் மேல் போய் நின்றது.

"இப்ப ஆர் விட்டது?" என்றாள் தவமலர்.
"ஒருத்தருமில்லை."
"மணிக்கூட்டுக்குப் பற்றரியைப் போடுங்கோ."