இறக்கத்தின் வாடகை

கேத்தியில் ஏற்றும்போது முப்பத்தெட்டு சதவீதம்.
ஒரு டன் கேரட். கழுவிய ஈரம்
மூட்டைகளிலிருந்து இன்னும் சொட்டுகிறது.
"இது போதுமா?" என்பார் பெள்ளா கவுடர், ஒவ்வொரு முறையும்.
போதும். மீதியை மலை போடும்.

இரண்டாவது கியரில் இறங்கவும் என்கிறது
வளைவுக்கு வளைவு ஒரே மஞ்சள் பலகை.
இந்த வண்டிக்குக் கியரே இல்லை.
மிதியிலிருந்து காலை எடுத்தால்
சக்கரம் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது,
பிடித்ததை பேட்டரியில் போட்டுவைக்கிறது.
டீசல் வண்டியில் பர்லியார் வந்ததும்
டிரம்மில் தண்ணீர் ஊற்றுவேன், குப்பென்று ஆவி.
கருகிய லைனிங் வாசம் சட்டையோடு வீடுவரை வரும்.
இப்போது குரங்குகளுக்கே
நான் வருவது தெரிவதில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஐம்பத்தொன்று.

இதைக் கேள்விப்பட்ட அன்று
கவுடர் விரல்விட்டு எண்ணினார்:
"என் கேரட்டோட கனம்தானே உனக்குக் கரன்ட்டு?
அப்ப வாடகையில குறை."
நியாயம்தான்.
ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மண்டியில் கிலோ நாலு ரூபாய்.
ஏலக்காரன் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.
போனில் கவுடர் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, "திருப்பிக் கொண்டா. மாடாவது தின்னட்டும்."

சார்ஜருக்கு வரிசை. எழுபத்தொன்றிலேயே எடுத்தேன்.
காலியாக ஏறிப் பழகிய வண்டி.
கல்லாறு தாண்டியதும் எண்கள் சரிந்தன,
இறக்கத்தில் கொடுத்ததை
மலை நின்று வசூலிப்பதுபோல்.
டீசல் முள் கொஞ்சம் பொய் சொல்லும்,
ரிசர்வ் என்று ஒரு ஆறுதல் இருக்கும்.
இது ஒன்றுவிடாமல் சொல்கிறது:
நாற்பது. இருபத்தாறு. ஒன்பது.

காட்டேரியில் மூன்று.
குஞ்ஞாலி டீக்கடையில் ஒரே பெரிய பிளக்,
அதில் கிரைண்டர். பிடுங்கிக் கொடுத்தார்.
மூன்று மணிநேரம் பனிமூட்டத்தில் நின்றோம்,
நான் திரையைப் பார்த்தபடி,
அவர் மீட்டரைப் பார்த்தபடி.
காசு வேண்டாம், இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போ என்றார்.
"அல்வா கிண்டலாம். உனக்கும் கனம் குறையும்."

கேத்தி சேர்ந்தபோது பதினொன்றரை.
சத்தமில்லாமல் வந்ததில் நாய்கூட எழவில்லை.
டார்ச்சோடு நின்றிருந்த கவுடர்
வாடகைப் பேச்சே எடுக்கவில்லை.
ஜன்னலில் தலையை விட்டுத் திரையைப் பார்த்தார்.
"எவ்வளவு மிச்சம்?"
"பதினெட்டு."
"என்கிட்ட இருக்கிறதைவிட அதிகம்தான்,"
என்றவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முதல் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.