பதினொன்று

மூட்டைக்கு ஐம்பது கிலோ.
உள்ளே வெள்ளைச் செதில்,
தூரத்தில் பார்த்தால் அவல்.
சாக்கின்மேல் ஒரு படம்: சாய்ந்த குழாயிலிருந்து
சொட்டு விழுந்து ஒரு கையை அரிக்கும்.
காலிச் சாக்கை நெல் கட்ட வாங்கிப் போகிறார்கள்.

காரைக்குடி, செக்காலை ரோட்டுக்குப் பின்னால்
தகரக் கொட்டகை. நான் கணக்கு.
இடித்த வீடுகளின் தேக்குக் கதவுகள்
மல்லாக்க வந்து இறங்கும்,
பச்சைக்குமேல் நீலம், நீலத்துக்குமேல் சாக்லேட் பெயின்ட்டோடு.
காஸ்டிக் தொட்டியில் ஓர் இரவு.
காலையில் பெயின்ட் படலம் படலமாகக் கழன்றுவரும்.
பெங்களூரில் அதற்கு நல்ல விலை.

தொட்டால் முதலில் வலிக்காது.
வழவழக்கும். சோப்பு என்று நினைப்போம்.
சோப்புத்தான்,
நம் விரல் கொழுப்பில் காய்ச்சியது.

மேஸ்திரி சோணைமுத்துவுக்குத் தெரிந்த விதி ஒன்று:
உலையில் அரிசி போடலாம்,
அரிசிமேல் உலையைக் கவிழ்க்கக் கூடாது.
தண்ணீர் முதலில். காஸ்டிக் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.
தினம் சொல்வார்.
தொட்டியில் தண்ணீர் இருக்கும் நாளில்
எல்லோரும் கேட்பார்கள்.

பங்குனியில் போர் வற்றியது.
லாரி பத்து மணிக்கு என்றார்கள், இரண்டரைக்கு வந்தது.
அதற்குள் ஏதோ அவசர ஆர்டர்,
மூன்று மூட்டை
காய்ந்த தொட்டிக்குள் போயிருந்தது.
அடைக்கலம் ஹோஸைப் பிடித்தான்.
தொட்டி ஒரு தடவை இருமியது.
அவ்வளவுதான் சத்தம்.

லாரி டிரைவர் பெயர் இன்றுவரை தெரியாது.
கல்லல் பக்கத்து ஆள் என்பார்கள்.
அவர்தான் ஹோஸைப் பிடுங்கி
அடைக்கலத்தை மண்ணில் கிடத்தி
இமையை இரண்டு விரலால் பிளந்து
"கண்ணத் தெற, கண்ணத் தெற" என்று
நீரை விட்டுக்கொண்டே இருந்தார்.
தண்ணீர் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஓடியது.
சுவரில் ஒட்டிய தாளில்
பதினைந்து நிமிடம் கழுவுக என்று இருக்கிறது.
ஒட்டியவள் நான்,
அதனால் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினொன்றில் முதலாளி வால்வை மூடச் சொன்னார்.
ஒரு லோடு எவ்வளவு தெரியுமா என்றார்.
தெரியும். வவுச்சர் எழுதுவது நான்தானே.

மதுரையில் இடது கண்ணைக் காப்பாற்றினார்கள்.
வலது கண்
வடித்த கஞ்சி நிறத்தில் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார்,
ஜெசிந்தா என்று பேட்ஜ்.
யாரோ போஸ்ட் கார்டு போட்டிருந்தார்களாம்.
ஆணியில் ஒன்பது ஜோடி கையுறை, மடிப்புக் கலையாமல்.
ஒன்பது கண்ணாடி, கவரோடு.
பதிவேட்டில் ஒன்பது பெயர்.
பத்தானால் சட்டம் வாசலுக்கு வந்துவிடும் என்பது
முதலாளி சொல்லித் தந்த கணக்கு.
அடைக்கலம் எந்தக் காலத்திலும்
எங்களிடம் வேலை பார்த்ததில்லை.
கதவு பார்க்க வந்த ஆள்.

பதிவேட்டை நீட்டும்போது
அடியில் டீக்கடை நோட்டும் சேர்ந்து போனது.
தினம் இரண்டு வேளை, பத்து டீ.
முதலாளிக்கு வீட்டிலிருந்து காபி வரும்.
பங்குனி பதினேழு, சாயங்காலத்திலிருந்து
ஒன்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
விரலால் கீழே இறங்கினார்.
ஒரு பக்கம் திருப்பினார். மறுபடி மேலே போனார்.
"இந்தப் பத்தில் நீங்களும் சேர்த்தியா?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
"எனக்கு டீ பழக்கமில்லை, மேடம்."

ஜீப் வரை கூடப் போனேன், குடை கொடுக்கிற சாக்கில்.
அவர் கேட்காமலே
"பதினொன்று" என்றேன்.
"ஒன்பதா, பத்தா, பதினொன்றா?
ஆள் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள்."
"ஆளும் அதுதான், மேடம்.
நான் சொன்னது நிமிடம்."