சொற்பட்டியல், மூன்றாம் வரைவு

சுருக்கங்களுக்கும் ஒரு சொல்லுக்கான காசுதான்
என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள்.
மூன்றெழுத்து என்றாலும் ஆறெழுத்து என்றாலும்
பதினெட்டு ரூபாய்.
கொக்குவிலில், மேசைவிசிறி திரும்பித் திரும்பி வீச,
நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்
தமிழாகக் காத்திருந்தன.
எந்த நாட்டு வானத்தைக் காக்க என்று நான் கேட்கவில்லை.
மகளுக்கு ரியூசன் காசு கட்டவேண்டும்.

ஐ.எஃப்.எஃப்.
வருவது நண்பனா பகைவனா என்று
வானத்தில் விசாரிக்கும் கருவி.
கேள்வி அலையாகப் போகும்.
பதில் அலையாக வரவேண்டும்.
வராவிட்டால், அடுத்த பக்கம் பார்க்க.
"இனங்காண் வினவி" என்று போட்டேன்.
நாவற்குழிப் பாலத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு
அடையாள அட்டையைப் பல்லில் கடித்தபடி
இரண்டு கையையும் தூக்கி நின்ற காலத்தில்
எனக்கு இந்தச் சொல் தெரியாது.

ஆளில்லாமல் வேவு பார்க்கும் விமானத்துக்கு
அவர்களிடம் மூன்று எழுத்து.
எங்களிடம் வண்டு.
பாரத்தோடு முக்கி முனகி வந்து
பீப்பாய் தள்ளிவிட்டுப் போனது சகடை.
வண்டு எதையும் தள்ளாது.
பார்த்துக்கொண்டே இருக்கும்,
சோறு வடிக்கும்போதும், குளிக்கும்போதும்.
பட்டியலின் கடைசியில் தனிச் சொல்லாகச் சேர்த்தேன்:
வண்டு, யாழ்ப்பாண வழக்கு.
"ஆதாரம் தரவும்" என்று திரும்பி வந்தது.
என் இடது காதை
எந்த வடிவில் இணைப்பது?

சி.ஈ.பி.யில் இரண்டு நாள் நின்றேன்.
குறிவைத்த புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்.
எறிந்ததில் பாதி அதற்குள் விழும்.
அந்த வட்டத்தின் ஆரம்தான் சொல்லின் பொருள்.
வரைவிலக்கணம் அத்தோடு முற்றுப்புள்ளி.
மற்றப் பாதியைப் பற்றிப் பேச்சில்லை.

தொண்ணூறு. கோட்டையடியில் சண்டை.
பக்கத்து வளவுக் குலநாயகம் நிலஅளவையாளர்.
ஷெல் விழுந்த மறுநாள்
சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து
கிடங்கிலிருந்து எங்கள் பங்கர் வாசலுக்கு அளந்தார்.
இருபத்தாறு அடி.
கிடங்கிலிருந்து மதிலுக்கு, நாற்பத்தொன்று.
கொப்பியில் குறித்தார்.
கிடங்கிலிருந்து கிணற்றடிக்கு
சங்கிலியைப் பாதிவரை இழுத்தவர்
அப்படியே நின்றார்.
வாளி இன்னும் அங்கேதான் கிடந்தது.
பிறகு, கண்ணி கண்ணியாக,
சங்கிலியைச் சுருட்டினார்.

"நிகழ்தகு வட்டப் பிழை" என்று எழுதி அனுப்பினேன்.
கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.
பிழைத்தல் என்றால் தவறிப்போதல்.
பிழைத்தல் என்றால் உயிர் தப்புதலும்.
இரண்டையும் ஒரே பின்னேரத்தில்
வேலியின் இரண்டு பக்கமும் நின்று
குலநாயகமும் நானும்.

முந்நூற்றெண்பதாவது சொல்:
ஏவுகணை இலக்குக்கு இறங்கிவரும்
கடைசிக் கொஞ்ச விநாடி.
இறுதிக்கட்டம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
வேறு ஊரில் அது சரியான சொல்.
இங்கே அந்தச் சொல்லுக்குள் ஆட்கள் இருக்கினம்.
அச்சுவேலிக்குப் போன் எடுத்தேன்.
சந்திரவதனி என்னோடு மொழிபெயர்ப்புப் படித்தவள்.
தம்பியின் படத்தோடு
இப்போதும் கந்தசுவாமி கோவிலடிப் பந்தலுக்குப் போகிறவள்.
"இறுதிக்கட்டத்துக்கு வேற சொல் இருக்கோடி?"
கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டேன் என்று விளங்கியது.
அங்கே குக்கர் ஒருமுறை விசிலடித்தது.
இன்னொருமுறை.
"இருந்தா எனக்கும் சொல்லு" என்றாள்.

"முடிவுநிலை" என்று போட்டேன்.
நல்ல சொல் இல்லை. ஆட்களும் இல்லை.

நேற்றுக் காசு வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு சொல்,
ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய்.
வண்டை நீக்கிவிட்டார்கள்.
மகள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்,
இந்த மாதத்துக்குக் காணுமோ என்று.

காணும், என்றேன்.