கணக்கில் வராதவை

வீடு கணக்கில் வராது என்றாள் மிஸ் ஹாலவே.
நீங்கள் அதில் குடியிருக்கும் வரை.
இரண்டாவது வாக்கியத்தைக்
கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

வங்கியில் இரண்டாயிரம் டாலர் இருக்கலாம்.
மேலே ஒரு டாலர் ஏறினாலும்
அந்த மாதம் உதவித்தொகை கிடையாது.
மாதக் கடைசி இரவில் இருப்பைப் பார்த்துவிட்டு
சில சமயம் பூனைக்கு நல்ல மீன் வாங்குவேன்.
பூனையும் கணக்கில் வராது,
கேட்டுவைத்திருக்கிறேன்.

டொலீடோவின் பாதி வீடுகளைத் துடைத்து
வாங்கிய வீடு இது.
கையில் கொடுத்த கூலி, ரசீது இல்லாத கூலி.
பழைய சொந்தக்காரரிடமே பதினெட்டு வருடத் தவணை.
கடைசித் தவணை கட்டிய ஏழாவது மாதம்
யாரோ ஒருவர் குளியலறையில் வழுக்கி
முதுகெலும்பு போயிற்று.

"சொந்த வீடு வைத்திருப்பவளுக்கு
எதற்கு அரசாங்கக் காசு?"
மளிகைக்கடை வரிசையில் ஒருவர்.
சுவரைக் கடித்துத் தின்னவா என்று கேட்டிருக்கலாம்.
மடியில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

கூரை ஒழுகுகிறது.
மாற்ற ஒன்பதாயிரத்து நானூறு.
இரண்டாயிரத்துக்கு மேல் சேர்க்கக் கூடாதவள்
ஒன்பதாயிரத்தை எங்கே சேர்ப்பது?
விடை கிடைக்க ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.
பணமாக வேண்டாம். ஓடாக.

மாதம் ஒரு கட்டு தார் ஓடு,
முடிந்தால் இரண்டு.
அக்கா மகன் கேசி தூக்கிவந்து
சாப்பாட்டு அறையில் அடுக்குகிறான்.
வேலைக்கூலிக்கு அவனும் அவன் நண்பனும்
இரண்டு ஞாயிறும் ஒரு பெட்டி பியரும் போதும் என்கிறான்.
ஓடு என்ற சொல்லுக்கு
எனக்கு இப்போது ஒரே அர்த்தம்தான்.

முப்பத்தோராவது கட்டு வந்த வாரம்
மறுஆய்வுக்கு வந்தாள் மிஸ் ஹாலவே.
கோப்பு முழங்காலில். கண் அடுக்கின் மேல்.
"இதெல்லாம்...?"
"கூரை," என்றேன்.
"கூரை மேலேதானே இருக்கும்?"
"போய்க்கொண்டிருக்கிறது."

பேனா ஏதோ ஒரு கட்டத்தின் மேல் நின்றது.
பனி உருகும் நாள்.
நேரம் பார்த்து வாளியில் ஒரு சொட்டு.
இன்னொன்று.
அவள் எண்ணினாளோ என்னவோ.

"நாற்காலி திரும்ப இடம் போதுமா?"
"போதும்," என்றேன்.
பக்கத்துக்கு மூன்று விரற்கடை.
என்ன எழுதினாள் என்று தெரியவில்லை.
கடிதம் வர ஆறு வாரமாம்.

இன்று வெள்ளி, கேசி வருகிற நாள்.
சாய்பாதையில் உப்புத் தூவ வேண்டும்,
சுமையோடு வருகிறவன் வழுக்கிவிடக் கூடாது.