வாங்கும் விலை, விற்கும் விலை

நொவீனாவில் பதினொன்றாம் மாடி.
மிஸ் கோ ஒரு பிளாஸ்டிக் கண்ணை மேசையில் வைத்து
ஆரஞ்சுப் பழம்போல் இரண்டாய்த் திறக்கிறார்.
உள்ளிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் இடுகிறார்:
உடைத்த துவரம்பருப்பு அளவு,
இரு பக்கமும் கரப்பான் மீசை.

"மிஸ்டர் மீரான், ஒரு நாளில் நீங்கள் அதிகம் பார்ப்பது எது?
தூரமா, கிட்டவா?"

முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம்
ரிங்கிட் இன்றைக்கு என்ன.

ராஃபிள்ஸ் பிளேஸில் என் கடை
ஆறடிக்கு நாலடி.
அங்கே தூரம் என்று ஒன்று கிடையாது.
கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு பொந்து,
பொந்தில் நுழையும் கைகள்.
பாத்தாமுக்குப் போகிற கை எச்சில் தொட்டு எண்ணும்.
முதன்முறை விமானம் ஏறுகிற கை
நோட்டைக் கசக்கிக்கொண்டே இருக்கும்.
ருப்பியாவின் சைபர்களில்
ஒன்று கூடுதலாய்த் தெரிய ஆரம்பித்த அன்றுதான்
கடையைத் தம்பியிடம் விட்டு இங்கே வந்தேன்.

தூரத்துக்கு மட்டும் ஒன்று இருக்கிறதாம்,
மெடிசேவ் பெரும்பாலும் தாங்கும், படிக்கக் கண்ணாடி வேண்டும்.
இரண்டுக்கும் சேர்த்து ஒன்று:
கண்ணாடி வேண்டாம், கைக்காசு வேண்டும்,
இரவில் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம்.
இல்லையென்றால்
ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கலாம்,
"மூளை பழகிக்கொள்ளும்."
பழகாவிட்டால்?
மிஸ் கோ சிரித்தார். விலைப்பட்டியலில் அதற்கு வரி இல்லை.

எதை மாற்றினாலும் இரண்டு விலை, எனக்குத் தெரியும்.
வாங்கும் விலை, விற்கும் விலை.
நடுவில் சிந்துகிற தசமத்தில்தான்
எங்கள் வீட்டு அரிசி.
தசமம் யார் பக்கம் சிந்தும் என்று
இந்த ஒரு கவுண்டரில்தான் எனக்குத் தெரியவில்லை.
'நகரும் முன் எண்ணிக்கொள்ளவும்,
பிறகு பொறுப்பல்ல' -
நானே எழுதி ஒட்டியது.

"தூரத்தை எடுங்க," என்றாள் ரஹ்மத் நிஷா.
"மூணை எட்டுன்னு பாத்து பஸ் ஏறிட்டு
போன் போட்டு, நான் எங்க இருக்கேன்னு
என்கிட்டயே கேட்டா?
கிட்டத்துக்குக் கண்ணாடி நாலு வெள்ளிக்குக் கெடைக்கும்.
தூரத்த எந்தக் கடையில விக்கிறான்?"

கையெழுத்துப் போட்டேன்.

வலது கண். பன்னிரண்டு நிமிஷம்.
தலைக்கு மேல் விளக்கு மூன்றாகி
பிறகு தண்ணீரானது.
யாரோ சீனத்தில் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள்.
மறுநாள் கட்டைப் பிரித்ததும்
எதிர் புளோக், ஒன்பதாம் மாடி,
மூங்கில் கழியில் காயும் சட்டை.
சட்டையில் கட்டம். கட்டத்தில் ஒரு பித்தான் இல்லை.

திங்கட்கிழமை கடையில்
ஐம்பது வெள்ளி நோட்டைத் தூக்கிப் பிடித்தேன்.
வலக்கண்ணுக்கு நீலம்,
ஆற வைத்த அடுப்புச் சுவாலைபோல் நீலம்.
இடக்கண்ணுக்குப் பச்சை கலந்து அழுக்கு.
எத்தனை வருஷமாய்
என் ஐம்பதெல்லாம் ஐந்தின் நிறத்துக்கு
சொல்லாமல் சரிந்துகொண்டிருந்தன?
ஒரு கண்ணை மூடினேன். மறுகண்ணை மூடினேன்.
கள்ள நோட்டு எது என்று
இரண்டு கண்ணும் ஒன்றையொன்று குற்றம் சொல்லின.

அப்போது பொந்தில் ஒரு கை.
மங்கல். எச்சில் தொட்ட விரலா, தெரியவில்லை.
கண்ணாடி எடுக்கச் சட்டைப்பையைத் தடவி
நிமிர்ந்தேன்.

தடுப்புக்கு அப்பால் ஒரு முகம்.
புருவத்தில் தையல் தழும்பு, லேசான மாறுகண்,
பதினேழு வருஷமாய் மாதம் இருமுறை
பாத்தாமுக்குப் போகிறவர்.
"அங்கிள், என்ன அப்படிப் பாக்குறீங்க?"

போன் அடித்தது. மிஸ் கோ.
"இடது கண் இருபத்தாறாம் தேதி.
அதே வில்லைதானே, மிஸ்டர் மீரான்?"

கையில் ஐம்பது. பையில் நாலு வெள்ளிக் கண்ணாடி.

"ஒரு நிமிஷம்," என்றேன்
இருவரிடமும்.