தேவைக் கடிதம்

ஹட்டன் ஸ்டூடியோக்காரர்
நாடியை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார்.
இரண்டு காதும் தெரிய வேண்டும். பொட்டு இருக்கலாம்.
சிரிப்புக் கூடாது.
பின்னால் வெள்ளை மட்டும்.
கல்யாண ஜோடிகளுக்காகத் தொங்கவிட்டிருந்த சுவிஸ் ஏரியை
எனக்காகச் சுருட்டி மேலே கட்டினார்.
"எந்த நாடு டொக்டர்?"
சொன்னேன்.
மறுநாள் பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரிந்திருந்தது.

பிறப்புச் சான்றிதழில் அப்பா மாரிமுத்து.
கடவுச்சீட்டில் ஓர் எழுத்துத் தவறி மாரிமுது.
தோட்டத்துப் பதிவேட்டில் வெறும் முத்து.
மூவரும் ஒருவரே என்று
சமாதான நீதவான் முத்திரை குத்தினார்.
கையெழுத்து வைத்துவிட்டு அப்பா கேட்டார்,
"இதுல எவனுக்கும்மா பென்சன் வரும்?"

விலாசம் என்ற கட்டத்தில்
நெடுநேரம் நின்றேன்.
வீதி இல்லை. வீட்டு இலக்கம் இல்லை.
லயத்துக்கு எண் இருக்கிறது, கதவுக்கு இல்லை.
என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்
தோட்டத்து ஒஃபீசில்
உரப் பட்டியலுக்கு அடியில்
பதினாறு நாள் கிடந்தது.
பதினேழாம் நாள் கிடைத்திருந்தால்
நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு, சுகாதார அமைச்சிலிருந்து ஒரு கடிதம்.
நான்கு தடவை கொழும்புக்குப் போனேன்.
தேநீருக்குப் போயிருந்தவர்,
லீவில் இருந்தவர்,
இது என் மேசை இல்லை என்றவர்.
கடைசியில் ஒரு பெண்
தன் பிள்ளைக்கு விடாத இருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே
அச்சடித்துத் தந்தாள்.

இப்பயிற்சி பெற்ற வைத்தியர்கள்
இந்நாட்டுக்குத் தேவை.
முடித்ததும் இவர் திரும்பி வருவார்.

கினிகத்தேனை வளைவுகளில்
வயிறு புரளப் புரள
அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.
எங்கள் ஆட்களுக்கு
எத்தனையோ கடிதம் எழுதிய அரசாங்கம்தான்.
ஆதாரம் போதாது.
விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.
இந்தத் திகதியில் கப்பல் ஏற வேண்டும்.
பெரியப்பாவின் தகரப் பெட்டியில்
துருவோடு ஒட்டிக் கிடக்கின்றன அவை.
தேவை என்ற சொல்லை
அரச இலச்சினைக்குக் கீழே
இப்போதுதான் பார்க்கிறேன்.
அதுவும்
நான் வெளியேறுவதற்காக.

தூதரகத்தில் விரல்களை வைக்கச் சொன்னார்கள்.
நான்கு, நான்கு, கட்டைவிரல் இரண்டும்.
உடனே பதிந்தன.
அம்மாவின் விரலைப் பார்த்து
பேங்க் மெஷின் மூன்று தரம் சிவப்பாகும்.
கொழுந்துக் கறையில் ரேகை எங்கே போனதென்று
அவளுக்கே தெரியாது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவருக்கு
என் வயதுதான் இருக்கும்.
அங்கே உங்களுக்குச் சொத்து உண்டா,
எது உங்களைத் திருப்பிக் கூட்டி வரும் என்றார்.
பத்துக்குப் பன்னிரண்டு அறை. அது கம்பனியுடையது.
பின்னால் பீன்ஸ் நாலு பாத்தி. அதுவும்.
நான் கடிதத்தைத் துவாரத்தில் தள்ளினேன்.
அவர் படித்தார். என்னைவிட வேகமாக.
ஒரு பச்சைத் துண்டுத்தாள் வந்தது.
மேலதிகப் பரிசீலனை.

ஜூலை முதலாம் திகதி அங்கே வேலைக்கு நிற்க வேண்டும்.
இன்று ஜூன் பத்தொன்பது.

பதினொன்றரைக்குக் கொழுந்து லொறியில்
பதினான்கு பேரைக் கொண்டுவந்தார்கள்.
ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்திருக்கிறது.
அட்ரினலின் ஒன்பது குப்பிதான் இருந்தது.
யாருக்கு முதலில் என்பதை
மூச்சுச் சத்தத்தை வைத்து முடிவெடுத்தேன்.
ஆம்புலன்ஸ் டிக்கோயாவுக்குப் போய் வர நாற்பது நிமிஷம்,
மழை இல்லாவிட்டால்.
மழை.

மூன்று மணிக்கு மேல்தான்
அன்னபாக்கியத்திடம் வந்தேன்.
கூந்தலை விலக்கி விலக்கி
ஒவ்வொரு கொடுக்காக எடுத்தேன்.
இமை இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன.
குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள்.

"டொக்டரம்மா, விசா வந்திருச்சுங்களா?"

"இன்னும் இல்லக்கா. தலையை ஆட்டாதீங்க."

"வந்துரும்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"போறதுன்னா, எங் கண்ணு தொறந்தப்புறம் போங்க.
யாரு போறாங்கன்னு பாக்கணும்ல."

முப்பத்தேழு.
முப்பத்தெட்டு.